வெள்ளை ஜாக்கெட்

வலக்கை ஜாக்கெட்டுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கிருபா மூன்றாவது முறையாகத் தன் அம்மாவின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். விறைத்துப் போயிருந்தது. விடியற்காலையில் போன உயிர். மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. வாசலில் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

உக்கடத்துச் சபையில் எந்தப் பெண் இறந்தாலும், போதகருக்கு முன்னால் அவள் அம்மா சலோமிக்குத்தான் ஆள் போகும். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் உடுத்திவிட்ட அந்தச் சலோமிக்கு இன்று உடுத்திவிட ஆளில்லை. சபைப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். மிஞ்சியது பக்கத்து வீட்டு உம்மல் குல்சும்தான்.

சிறுவயதிலிருந்தே கிருபாவுக்கு ஒரு குறுகுறுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு அம்மா உள்ளே என்னதான் செய்கிறாள்? கட்டையாகக் கிடந்தவர்கள், கதவு திறக்கும்போது மதியத் தூக்கம் போடுகிறவர்களைப் போல் இருப்பார்கள். இடையில் ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். ஜெபம் என்று சபையில் பேச்சு. கேட்டால் அம்மா, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சோப்புப் போட்டுக் கை கழுவப் போய்விடுவாள்.

போன வருஷம், தொண்ணூற்று நான்கில், சபையில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த தாலந்து (திறமை) என்ன? பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் கிருபா, 'பாட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

"எனக்கு என்னத்தக் கண்ணு எழுதுவே?" என்று கேட்டாள் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா.

கிருபா யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்று எழுதி, அம்மாவின் கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தாள். அந்த விரல்தான் இப்போது அவள் கைக்குள் மடங்கிக் கிடந்தது. கிருபாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையைவிட அதுதான் முதலில் வந்தது.

"ஏனுங்கக்கா, சில தடவ அம்மாகூட நீங்க உள்ள இருந்தீங்கல்ல? என்ன செஞ்சாங்க?"

குல்சும் தயங்கினாள். அவர்கள் பக்கம் இறந்தவர்களுக்குத் தைத்த துணியே உடுத்துவதில்லை, சுற்றுவதுதான். அதனால் சட்டை மாட்டும் வேலை தனக்குத் தெரியாது என்றாள். பார்த்ததைச் சொன்னாள். சலோமி சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை முழங்கையில் சுற்றுவாள். ஆற ஆற மாற்றுவாள். அவசரப்படமாட்டாள்.

"பொறவு காதுகிட்ட குனிஞ்சு பேசுவாங்க."

"ஜெபமுங்களா?"

"ஜெபமெல்லாம் இல்லீங்க கண்ணு. பள்ளிக்கோடம் போற புள்ளைக்குச் சட்டை மாட்டிவுடுவோம்ல, அந்தப் பேச்சு. எளுவது வயசுக்காரியா இருந்தாலும் அப்படித்தானுங்க."

கிருபாவுக்கு அந்தப் பேச்சு தெரியும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தினமும் கேட்டதுதான்.

துண்டைப் பிழிந்து சுற்றினாள். நாலு தடவை மாற்றினாள். தம்பி ரூபன் கதவைத் தட்டி, போதகர் வந்துவிட்டதாகச் சொன்னான். இருக்கட்டும் என்றாள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்தாள். கோயிலையே நிறைக்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கைய நீட்டு கண்ணு. நேரமாச்சுல்ல."

முழங்கை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஜாக்கெட் கை தோள்வரை ஏறியது. குல்சும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான். இப்ப அந்தக் கை," என்று சொல்லிக்கொண்டே, கிருபா கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள்.