நான்கு மில்லிமீட்டர் அகலம்

மார்ச் 14, வியாழன்.

இன்று, நான் செய்துவரும் லூட் என்ற தந்தி வாத்தியத்தின் மேல்பலகையை அதன் உடலோடு ஒட்டவேண்டிய நாள். ஒட்டிவிட்டால் வடிவத்தைத் திருத்த முடியாது. அந்தப் பயத்தில் நேற்று வீட்டில் செய்யக்கூடாததைச் செய்தேன். அளவுகோலை எடுத்தேன்.

ஃபியூசன் நகரில் நடக்கும் எங்கள் லூட் செய்யும் மாலை வகுப்பில் அளவுகோலுக்கு இடமில்லை. பழைய லூட் ஆசாரிகளைப் போலக் கவராயம் மட்டும்தான். நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு. மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்தே வரும். ஆனால் நானூறு வருடப் பழைய லூட் ஒன்றின் அருங்காட்சியக வரைபடத்தை என் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீளம் இரண்டிலும் 480 மில்லிமீட்டர். அகலம் அதில் 316, என்னுடையதில் 320. ஐந்து மாத உழைப்பு தப்பாகிவிட்டதோ?

“அளவுகோலை எடுத்தியா? அடிப்பாவி!” என்றார், இன்று வகுப்பில் நான் இதைச் சொன்னதும், பக்கத்து மேசை ஆல்வின். பகலில் அவர் தபால்காரர். “நாலு மில்லிமீட்டருக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க? என்னோடதப் பாரு, பூசணிக்காய்க்குக் கழுத்து முளைச்ச மாதிரி இருக்கு. நான் அழுறேனா?”

“உங்களுக்கும் சேர்த்து நாங்க அழுதாச்சு,” என்றாள் வகுப்பு நடத்தும் பாபெட். அவளுக்கும் என் வயதுதான். “லெனி, பசை சூடாயிடுச்சு. ஒட்டலாமா, இல்ல முதல்லேருந்து ஆரம்பிக்கலாமா? நீதான் சொல்லணும்.”

முடிவெடுக்கத் தெரியாதபோது எல்லாவற்றையும் மறுபடி அளப்பது என் வழக்கம். கையோடு கொண்டுவந்திருந்த வரைபடத்தின் மேல் கவராயத்தை நீளவாக்கில் நடத்திப் பார்த்தேன். தந்தி கட்டும் பாலம்வரை எல்லாம் பங்கு பிசகாமல் விழுந்தன. கடைசியில், பலகையின் நடுவே சல்லடை போலச் செதுக்கிய ரோஜா வடிவ ஒலித்துளையின் மையத்தில் முனையை வைத்துச் சுற்றினேன். மேலும் கீழும் மறுமுனை ரோஜாவின் விளிம்புக் கோட்டைத் தொட்டது. இடமும் வலமும் கோட்டைத் தாண்டிப் போனது.

“பாபெட், இந்த ரோஜா முட்டை மாதிரி இருக்கு.”

“கவராயத்தை வச்சு எவனாவது முட்டை வரைவானா?” என்றார் ஆல்வின்.

அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்கோ அதில்தான் விடை கிடைத்தது. ஆசாரி வட்டமாகத்தான் செதுக்கியிருக்கிறார்! மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், நீளத்தில் சுருங்காது. நானூறு வருடத்தில் பலகை அகலத்தில் இளைத்துவிட்டது. ரோஜாவில் எண்பது மில்லிமீட்டருக்கு ஒன்று குறைவு, பலகையில் முந்நூற்றிருபதுக்கு நான்கு. ஒரே விகிதம். அந்த ஆசாரியின் கையைவிட்டுப் போன அன்று அதன் அகலமும் என்னுடையதைப் போல 320தான். நம்பாமல் மூன்று முறை கணக்குப் போட்டேன்.

“போதும் தாயே, பசை ஆறுது!” என்று கத்தினாள் பாபெட்.

“ஒட்டலாம்,” என்றேன். என் குரலா அது?

ஆல்வின் பலகையை அழுத்திப் பிடித்தார், நான் நாடாவை இறுக்கிச் சுற்றினேன், வழிந்த பசையைப் பாபெட் துடைத்தாள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினேன். உள்ளேயிருந்து அடர்த்தியாக ஒரு சத்தம் வந்தது.

“இன்னொரு தடவை தட்டு,” என்றார் ஆல்வின்.

தட்டினேன். பிறகு அவர் தட்டினார். பிறகு வகுப்பே வரிசையில் நின்று தட்டியது.