அம்மா தைத்த சட்டைக்குள் இரண்டு பெட்டிகள்

திரையில் மறுபடியும் அதே வரி: ‘இணைப்பு வகை: இறுக்கம்.’

வேனிங் அக்கா தன் புகுந்த ஊரான பாரேபாரேயிலிருந்து போனில் இருந்தாள். “என்னடி வந்துச்சு?”

“அதேதான்.”

“இங்க ‘உங்கள் தோழியால் அறைக்குள் வர முடியவில்லை’ன்னு வருது. நீ எனக்குத் தோழியாம். கேட்டுக்கோ.”

கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போகும்வரை அவளும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே டிவியில் ஆடினோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு படகை ஓட்டும் பந்தயம். துடுப்பு அவளுக்கு, சுக்கான் எனக்கு. இப்போது அவள் ஒரு தீவில், நான் ஒரு தீவில். ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்று மாலைதான் கெடு. சும்மா கொடுக்க முடியாது. ஜோடியாக ஓர் ஓட்டத்தை முடித்துக் காட்ட வேண்டும்.

“இன்னைக்கும் ஆகலைன்னா நான் தாஹிரோட சேர்ந்துடுவேன்,” என்றாள். தாஹிர் அவள் கணவனின் தம்பி. “சுக்கான் நல்லாத்தான் பிடிக்கிறான்.”

“என்னைவிடவா?”

“உன்னைவிட இல்ல. ஆனா அவன் இங்க இருக்கானே!”

போனை வைத்துவிட்டு முன்பக்கம் போனேன். எங்கள் வீட்டின் முன்னறைதான் அம்மாவின் காபிக்கடை. எங்கள் மலையூரான சலாத்திகாவில் மூன்று மணிக்கு மேல் குளிர் இறங்கும், கூட்டம் ஏறும். அம்மா மெந்தோவான் பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?”

“கேம் சேர மாட்டேங்குதும்மா. நம்ம வைஃபை இறுக்கமா இருக்காம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பவே நினைச்சேன்.”

அம்மா எல்லாவற்றுக்கும் சட்டை தைப்பவள். தண்ணீர் கேனுக்கு, சோற்றுக் குக்கருக்கு, மழைக்காலத்தில் மின்விசிறிக்கு. வைஃபை பெட்டிக்கும் சுருக்கு வைத்த ரோஸ் நிறச் சட்டை உண்டு. நேராகப் போய் அதன் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“பாவம், மூச்சே விட்டிருக்காது. வாங்குன துணி பத்தலை, கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுட்டேன்.”

“அந்த இறுக்கம் இல்லம்மா...”

“வேற எந்த இறுக்கம்?”

சட்டை கழன்றது. நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். உள்ளே இரண்டு பெட்டிகள். நோன்பு மாதத்துக்கு முன் இணையக் கம்பெனிப் பையன் மாட்டிய வெள்ளைப் பெட்டி. அதன் தலைமேல், நாலு கொம்புடன், எங்கள் பழைய கறுப்புப் பெட்டி. இரண்டிலும் விளக்கு எரிந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு குட்டைக் கம்பி.

“அம்மா, பழசை ஏன் எடுக்கலை?”

“எதுக்கு எடுக்கணும்? புதுசுக்கு வேற பேரு, வேற பாஸ்வேர்டு. கடைக்கு வர்றவங்க போன்ல எல்லாம் பழசுதானே இருக்கு? ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ஒப்பிச்சுட்டிருக்க முடியுமா? ‘தம்பி, பழசையும் இதோட கோத்துவிட்டுடு’ன்னேன். சூடா ரெண்டு மெந்தோவான் குடுத்தேன். கோத்துட்டுப் போனான்.”

நான் இயற்பியல் படித்தவள். ஆனால் வாரக்கணக்காகத் தப்பான கதவைத் திறந்துகொண்டிருந்தேன். இந்தப் பெட்டி ஒரு வாசற்காவலாளி. உள்ளிருந்து நாம் கூப்பிட்டவரை மட்டும் உள்ளே விடும். தானாக வந்து தட்டுபவரைத் திருப்பி அனுப்பும். அக்காவை உள்ளே விடச் சொல்லிக் கறுப்புக் காவலாளியிடம் நான் சொல்லிவைத்திருந்தேன். அவளோ அவனுக்கு முன்னாலேயே வெள்ளைக் காவலாளியிடம் நின்றுவிட்டாள்.

வெள்ளைப் பெட்டியின் வைஃபையை நேராகப் பிடிக்கப் பார்த்தேன். டிவி இருக்கும் பின்னறைவரை எட்டவில்லை. கொம்புள்ள கறுப்புதான் எட்டும். அப்படியானால் கறுப்பு இருக்கட்டும், காவல் வேலை மட்டும் அதற்கு வேண்டாம்.

அதற்குக் கொஞ்ச நேரம் வைஃபை நிற்க வேண்டும். கடையில் ஏழெட்டுப் பேர். நடுவில், பாக் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் கிமான், மேசைமேல் கூண்டு, கூண்டில் சோலைப்பாடிக் குருவி. அடுத்த மாதப் பறவைப் பாட்டுப் போட்டிக்கு அதைத் தயார் செய்கிறார். முன்பு ஜெயித்த பறவை பாடுவதை அதற்குப் போனில் போட்டுக் காட்டுவார்.

“பாக்... ஒரு நிமிஷம்... வைஃபை...” என்றேன். பறவைக்கே கேட்கவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “எல்லாரும் கேளுங்க! கொஞ்ச நேரம் வைஃபை வராது! காபி வரும்!”

“சுமி அக்கா, என் பிள்ளைக்குப் பாடம் பாதியில நிக்குதே,” என்றார் பாக் கிமான் அம்மாவிடம்.

“படிக்கிற பிள்ளைக்கு இடைவேளை விடுங்க. அதுவும் ரெண்டு புழு தின்னட்டும்.”

கறுப்புப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், வருகிற போன்களுக்கு எண் கொடுக்கும் வேலையை நிறுத்தினேன். பிறகு குட்டைக் கம்பியை அதன் தனித்துளையிலிருந்து உருவி, பக்கத்து வரிசைத் துளைகளில் ஒன்றில் செருகினேன். அவ்வளவுதான், கறுப்பு இனிக் காவலாளி இல்லை. வெள்ளையின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு அதன் பக்கத்துக்குள் போய், கேம் கேட்டால் வழி விடும் பொத்தானை அழுத்தினேன். இரண்டையும் அணைத்து மறுபடி போட்டேன்.

“வரலை!” என்றது கடை.

“இன்னும் வரலை!”

“இவ அக்கா கல்யாணமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது.”

பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு எதையும் நான் தொடவில்லை. ஆனால் தொடாததும் சில சமயம் போய்விடும்.

திடீரென்று ஒரு போன் பாடியது. கூண்டிலிருந்து சோலைப்பாடி பதில் பாடியது. “வந்துடுச்சு! என் பிள்ளை சொல்லிட்டான்!” என்று பாக் கிமான் எழுந்தே விட்டார்.

நான் பின்னறைக்கு ஓடினேன்.

‘இணைப்பு வகை: திறந்தது.’

அறையின் பெயரைத் தட்டினேன். படகு வந்தது. படகில் துடுப்போடு ஒருத்தி நின்றாள். டிவிக்குள்ளிருந்து குரல்: “ஹலோ? ரத்ரி? ஐயோ, வந்துட்டா! தாஹிர், எழுந்திரு, அந்த இடம் அவளுது!”

பந்தயம் தொடங்கியது. நாங்கள் நன்றாக ஆடினோம் என்று சொல்ல முடியாது. முதல் வளைவிலேயே பாலத்தில் இடித்தோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் அவளுக்குக் கை ஓடாது, துடுப்பு நின்றது, ஆறு எங்களைப் பின்னால் இழுத்தது.

“போடுடி! துடுப்பைப் போடுடி!” என்று யாரோ கத்தினார்கள். அந்த ‘டி’ என்னுடையது. அக்காவை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“டியா போடுற? இரு உனக்கு!” என்று அவள் துடுப்பைப் போட்டாள்.

எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை, கடையே என் முதுகுக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றது. “இடது பக்கம் போ பிள்ளே!” “அது இடதா? உன் வண்டியில நான் ஏறவே மாட்டேன்!” மற்றப் படகுகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. நாங்கள் பின்புறம் முன்னாகத் திரும்பி, அப்படியே மிதந்து முடிவுக் கோட்டைத் தாண்டினோம். கடைசி.

திரையில் எழுத்து வந்தது: ‘ஓட்டம் முடிந்தது. ஜோடி பதிவாகிவிட்டது. வேனிங், ரத்ரி.’

கடை கைதட்டியது. அம்மா தட்டோடு உள்ளே வந்து, “யார் ஜெயிச்சா?” என்றாள்.

“நாங்கதான்,” என்றாள் அக்கா டிவிக்குள்ளிருந்து. “தாஹிர், பேர் ஏறிடுச்சு. நீ போய் டீ போடு.”

“எத்தனை பேருக்கு?” என்று அவன் குரல் கேட்டது.

இங்கே பின்னறையில் நின்ற எல்லோரும் கை தூக்கினார்கள்.