‘சகாயமாதா’ என்று எழுதிய குழாய்

“அண்ணாச்சி, மெஷினை ஆஃப் பண்ணும். ஆஃப் பண்ணும்ணு சொல்லுதேன்லா.”

கத்திக்கொண்டே சகாயசெல்வி ஆக்கர் கடைக்குள் பாய்ந்தாள். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரே ஓட்டம். பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே யேசுரத்தினம் குந்தியிருந்தார். கையில் கட்டிங் மெஷின், காலடியில் ஆளுயர மஞ்சள் குழாய். சக்கரம் குழாயைத் தொட்டுவிட்டது. பொறி பறந்தது.

அந்த இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. செல்வி சுவரிலிருந்த சுவிட்சை ஓங்கித் தட்டினாள்.

“கரண்டு போச்சா?” என்று நிமிர்ந்தவர் அவளைக் கண்டதும் முறைத்தார். “நேத்து நீதானே பெண்ணே கொண்டு தந்த? இன்னிக்கு பேய் வெரட்டினது மாதிரி வந்து நிக்குத?”

“தெரியாமத் தந்துட்டேன் அண்ணாச்சி. அதுக்க உள்ளதான் எனக்க மாப்பிளைக்க உசிரு கெடக்கு.”

“நான் பாட்டரி கெடக்குண்ணுல்லா நெனச்சேன்” என்றார் யேசுரத்தினம். ஆனால் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

செல்வியின் கணவன் மரியஜான் இனயத்துக்காரன். நாற்பது நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் விசைப்படகின் டிரைவர். நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, நடுக்கடலில் ஒரு தீவு நாட்டின் ‘செயின்ட் ரஃபேல்’ என்ற ரோந்துக் கப்பல் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இருபதிலிருந்து இருபத்திரண்டு வரை மூன்று நாள் எல்லை தாண்டி மீன் பிடித்தார்கள் என்று வழக்கு. நிரூபணமானால் படகு பறிபோகும், படகிலிருந்த ஐந்து பேருக்கும் இரண்டு வருடம் ஜெயில்.

வக்கீலின் போனில் இன்று காலை இரண்டே நிமிடம் மரியஜான் பேசினான்.

“ஏட்டி, அந்த மூணு நாளும் நாங்க எல்லைக்கு வெளியதான் நின்னோம். இருபத்திமூணு ராத்திரிதான் எஞ்சினும் பாட்டரியும் செத்து. பொறவு கடல் வெள்ளம் இழுத்த வழிக்குப் போனோம். நம்ம ஜிபிஎஸ்ல ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா இருபத்திமூணு காலம்பற கரைக்கு வந்த வேற போட்டுல ஒரு மஞ்சக் குழாய் குடுத்து விட்டேனே, கிட்டிச்சா? அந்த மூணு நாளும் அது நம்ம போட்டுலதான் கெடந்து. அது எங்க நிக்குண்ணு சேட்டிலைட்டுக்குச் சொல்லிட்டே இருக்குமாம், வக்கீல் சொல்லுதான். அதுக்க நம்பரு வேணும்.”

செல்வி பஸ் பிடிக்க ஓடினாள். குழாயைப் பழைய எஞ்சின் சாமானோடு சேர்த்து முந்தின நாள்தான் ஆக்கருக்குப் போட்டிருந்தாள்.

குழாயைக் கொண்டுவந்த ஆள் அனுப்பிய போட்டோ செல்வியின் போனில் இருந்தது. படகில் குழாயின்மேல் மரியஜான் குதிரைபோல ஏறி உட்கார்ந்திருந்தான். மூலையில் தேதி நவம்பர் இருபது. நம்பர்தான் தெரியவில்லை. கடலில் என்ன கிடைத்தாலும் அடுத்த படகு உரிமை கொண்டாடுவதற்குள் தங்கள் படகின் பெயரை எழுதிவிடுவது அந்தக் கரையின் பழக்கம். குழாயிலும் சிவப்புப் பெயின்டில் ‘சகாயமாதா’ என்று பட்டையாக எழுதி வைத்திருந்தான். சரியாக நம்பருக்கு மேலே.

யேசுரத்தினமே மண்ணெண்ணெயில் துணி முக்கிக் கொடுத்தார். செல்வி ‘தா’வைத் தேய்த்தாள். ஏழு இலக்கங்கள் மெல்ல வெளியே வந்தன.

அடுத்த தெருவில் ஜெஸ்மியின் பிரவுசிங் சென்டர். செல்வியோடு பிளஸ் டூ படித்தவள்.

“நாலு வருசத்துக்குப் பொறவு இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றபடியே ஜெஸ்மி இணையத்தில் எண்ணைத் தட்டினாள். திரையில் உலக வரைபடம் விரிந்தது. கடல் இருக்கும் இடமெல்லாம் புள்ளிகள். பனிக்கடலின் ஓரத்தில், பெயர் தெரியாத தீவுகளைச் சுற்றி, நம் கடலில். எண்ணி முடியாது.

“இது என்னதுட்டி?”

“எல்லாம் நீ ஆக்கருக்குப் போட்ட மிதவை மாதிரிதான். மூவாயிரத்துச் சொச்சம் மெதக்குதாம். ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு முங்கும். கடலுக்கு எவ்வளவு சூடுண்ணு பாத்துட்டு மேல வந்து சொல்லும். முப்பது நாடு சேந்து போட்டிருக்கு. கணக்கை யாரு வேணும்னாலும் பாக்கலாம்.”

“சண்டை போடுத நாடுகளுமா?”

“அவங்களுந்தான்.”

ஜெஸ்மி ஒரு புள்ளியைத் தொட்டாள். அதிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. நவம்பர் இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. மூன்று நாளும் எல்லைக்கு வெளியே. பிறகு நேராக இனயம் கடற்கரை. பிறகு செல்வியின் வீடு. கடைசியாக, மார்த்தாண்டம் ஆக்கர் கடை.

செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு முற்றத்தில், மீன் கூடைக்குப் பக்கத்தில் அந்தக் குழாய் கேட்பாரற்றுக் கிடந்தது. கிடந்த இடத்திலிருந்து வானத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

குழாயில் இருந்த முகவரிக்கு மெயில் போனது. அன்று மாலையே பதில். இங்க்ரித் என்ற விஞ்ஞானி பாரிசிலிருந்து எழுதியிருந்தாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து நாடுகள் கூடியிருக்கும் பருவநிலை மாநாட்டில் இருக்கிறாளாம். ஒரு சொல்லுக்காக மூன்று நாளாக முட்டிக்கொள்கிறார்களாம். கோட்டுப்படத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள்.

தீவின் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. யாரோ கடலில் போட்ட மெஷின், அதை எப்படி நம்புவது என்று அரசு வக்கீல் மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

வியாழன் மதியம் ஜெஸ்மி போன் செய்தாள். “ஏட்டி, இருந்து கேளு. இங்க்ரித் எழுதியிருக்கா.”

மாநாட்டில் அந்தத் தீவின் பிரதிநிதி ஒரு அறிக்கை கொண்டுவந்திருந்தார். கடல் சூடாகிறது, மட்டம் ஏறுகிறது, எங்கள் தேசம் மூழ்கும் என்று. இங்க்ரித் காபி வரிசையில் அவரைப் பிடித்து இரண்டு தாள்களை நீட்டினாள். ஒன்று, அவருடைய அறிக்கைக்கு ஆதாரமான மிதவைகளின் பட்டியல். இன்னொன்று, மரியஜான் படகில் கிடந்த மிதவையின் கோடு. அந்தப் பட்டியலிலும் அதே நம்பர் இருந்தது.

அவர் காபியை மறந்துவிட்டு நின்றாராம்.

“இது பொய் சொல்லும்னா, நாளைக்கு இங்க நான் பேசதுக்கு ஒண்ணுமில்லை” என்றாராம். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம்.

செல்வி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசை வீடுகளைப் போன வருடம் அலை எடுத்த பிறகு அவள் வீடுதான் முன்வரிசை.

“அங்கயும் கடலு வீட்டை எடுக்குமாட்டி?”

“வீட்டையா? நாட்டையே எடுக்குமாம்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரியஜான் பேசினான். “விட்டாச்சு. போட்டையும் தந்தாச்சு.” மறுநாள் பாரிசில் அத்தனை நாடுகளும் ஒப்புக்கொண்டன என்று டிவியில் கைதட்டினார்கள். எந்தச் சொல்லுக்காக முட்டினார்கள் என்பது செல்விக்குத் தெரியாது. ஆனாலும் கடைசிவரை பார்த்தாள்.

ஜனவரியில் படகு கரை சேர்ந்தது. வழக்குத் தாள்களை மரியஜான் ஜெஸ்மியின் மேசையில் போட்டான்.

“தேவதூதரு ரஃபேல் சம்மனசுக்க பேர வச்சிட்டு, பாவப்பட்டவங்களைப் பிடிச்சிட்டுப் போவுது அந்தக் கப்பலு” என்றாள் செல்வி. இரண்டு மாதத்துக் கோபம் அது.

ஜெஸ்மி கடைசித் தாளில் இருந்தாள். மிதவையின் சரித்திரம் அதில் இருந்தது. “ஒரு நாட்டுல செஞ்சு, இன்னொரு நாடு பைசா போட்டு, மூணாவது நாட்டுல சோதிச்சு...” வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

“நிறுத்திட்டியே. கடல்ல எறக்கினது யாரு?”

ஜெஸ்மி கைது ஆவணத்தை உருவி எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே பெயரின்மேல் விரலை வைத்தாள்.

மிதவையைக் கடலில் இறக்கிய கப்பல்: செயின்ட் ரஃபேல்.