விமானக் கதவில் இருந்த இலக்கம்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் நான் தோணி திருத்தும் கொட்டிலில் பாதி இடத்தை விமானத் துண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. யுத்த காலத்தில் கடலில் விழுந்தவை. வலையில் மாட்டினால் மீனவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். வலை கிழிந்த கோபத்தில் வாசலில் எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ரயரோடு ஒரு சில்லு, இறக்கையின் ஓரம், போன வருடம் கல்முனை சாமித்தம்பி கொண்டுவந்த ஒரு கதவு. பலகை அடித்து, எல்லாவற்றையும் அடுக்கி, கீழே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். என் மனைவி இதைப் பைத்தியம் என்கிறாள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றும்.

அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வந்தபோது அதில் விரல் வைக்க இடமில்லை, அவ்வளவு சிப்பி. எங்கள் தொழிலில் கரைக்கு ஏற்றிய எதையும் அழுக்கோடு விட மாட்டோம். சுரண்டு, தேய், பெயின்ற் அடி, அவ்வளவுதான். நாற்பது வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை வேலையைத் தொடங்கிவிட்டது. சிப்பி உதிர்ந்த இடத்தில் கறுப்பாக நாலு இலக்கம் தெரிந்தது. அதையும் சேர்த்துத்தான் தேய்த்தேன். தோணிக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைப் பூசி நிறுத்திவிட்டுப் பெருமையும் பட்டுக்கொண்டேன். பிள்ளைகளோடு பார்க்க வந்த நிப்றாஸ் ஆசிரியர் முகநூலில் படம் போட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜுனைதா என்ற பெண் அட்டாளைச்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் கணவரைப் பற்றி வந்த, மடிப்போரம் கிழிந்து டேப் ஒட்டிய ஒரு கடிதம்.

“என்ட மாப்பிள்ள எயார்போர்ஸ்ல மெக்கானிக்கா இருந்தவர் காக்கா. பிளேன் கடல்ல விழுந்திட்டு, ஆளக் காணல்ல எண்டு இந்தக் கடிதம் மட்டும்தான் வந்த. அடக்கம் பண்ண மையத்து வரல்ல. இருபத்தொம்பது வருசமாகிட்டு.”

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“மாமி, அவர்ர உம்மா, மவுத்தானவங்களுக்கு ஓதுற கத்தத்த இன்னும் ஓத விடுறாவில்ல. ஹயாத்தோட, உசிரோட இருக்கிற என்ட மகனுக்கு ஏன் ஓதுற எண்டு கேக்கிறா. எனக்கும் ஓத மனம் வரல்ல. இதில பிளேன்ட நம்பர் இருக்கு. ஒங்கட கதவுலயும் அதே நம்பர் இருந்தா, இண்டைக்கே போய் ஓதிருவன்.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நாலு இலக்கம். நான் பார்த்ததும் இதுதானா? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அவர் கதவின் முன்புறம், பின்புறம், ஓரமெல்லாம் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

‘ஓம், அதேதான்’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஒரு மனிதன் மவுத்தாகிவிட்டான் என்று தீர்த்துச் சொல்ல நான் யார்?

“நம்பர் இருந்த, தங்கச்சி. நான்தான் சுரண்டிப்போட்டன்.”

“நீங்க கண்டீங்களா?”

“கண்டன்.”

“ஒரு இலக்கமாவது ஞாபகம் இல்லையா?”

“இல்ல.”

வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சுரண்டியை எடுத்து நீலத்தைச் சுரண்டத் தொடங்கினேன். பெயின்ற் சுருள் சுருளாக விழுந்தது. அடியில் வெறும் அலுமினியம் மினுங்கியது. அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்துகொண்டே சுரண்டினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் கடிதத்தை மடித்தார்.

“விடுங்க காக்கா. இது அவர்ர பிளேன் இல்ல எண்டு மாமிக்கிட்ட சொல்லிர்ரன். அவ சந்தோசப்படுவா. நான்தான் இண்டையோட அழுது முடிக்கலாம் எண்டு வந்தன்.”