அபயாம்பாள் கடைசியில் என்ன ஆனாள்?

சிகந்திராபாத் பக்கத்து மல்காஜ்கிரித் தமிழர்கள் தங்கள் மன்றத்துக்கு டி.வி. வாங்குவதென்று தீர்மானித்துவிட்டார்கள். வைக்கத்தான் இடமில்லை. நாவலாசிரியர் திருவீழி வேதமூர்த்தியின் புத்தகங்கள் இருக்கும் பீரோவைக் காலி செய்தால் போச்சு என்றான் இளவட்டம் தியாகு. "அந்த அழுமூஞ்சிக் கதையெல்லாம் இப்ப யாருக்கு வேணும்? நக்கோ, வேண்டவே வேண்டாம்!" மன்றத் தலைவர் சுந்தரேசனுக்கு வந்ததே கோபம்! கடைசியில் பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. நடுவர், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கனகம் மாமி.

மாமிக்கு அந்தப் பீரோ உயிர். அதிலும் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த 'அபயாம்பாள்' தொடர்கதை மனப்பாடம். ஆனால் போன மாதம் மெட்ராஸில் தங்கை வீட்டில் அச்சுப் புத்தகத்தைப் புரட்டியபோது மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிகந்திராபாத் பைண்டருக்குத் தமிழ் தெரியாது. பின்பாதிக்கு வேறு யாரோ எழுதிய தொடரைச் சேர்த்துத் தைத்திருக்கிறார். மேல் ஓரத்தை வெட்டியதில் தலைப்பும் எழுதியவர் பெயரும் போயே போச்சு. நடுவில் அபயாம்பாள் லலிதாவானதைக்கூட, பம்பாய் போனதும் பெயரை மாற்றிக்கொண்டாள் என்றுதான் மாமி நினைத்திருந்தாள்.

நிஜ அபயாம்பாள் புருஷன் காலடியில் செத்துப்போகிறாளாம். மாமியின் அபயாம்பாளோ பம்பாயில் மெஸ் வைத்து, தேடி வந்த புருஷனைப் பாத்திரம் தேய்க்க விட்டவள். இத்தனை வருஷம் ஒருத்தரும் புகார் சொல்லவில்லையே, அப்படியானால் தன்னைத் தவிர ஒருத்தருமா படிக்கவில்லை? மாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

பட்டிமன்றத்தில் சுந்தரேசன் கர்ஜித்தார். "வருஷா வருஷம் நம்ம மன்றத்துப் பிரதியைப் படிச்சுக் கண்ணீர் விடறவன் நான்!"

"அப்போ சொல்லுங்கோ, அபயாம்பாள் கடைசியில என்ன ஆனாள்?" என்றாள் மாமி.

"புருஷன் காலடியில உயிரை விட்டாள். அதுவன்றோ பண்பாடு!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"தப்பு!" என்று எழுந்தான் தியாகு. "லலிதான்னு பேரை மாத்திண்டு பம்பாயில மெஸ் நடத்தறா. புருஷன் பாத்திரம் தேய்க்கறான். அங்கதான் அந்த ஆளுக்கு எழுதவே வந்திருக்கு. முன்பாதி சுத்த போர்."

ஒருத்தனாவது படித்திருக்கிறானே! மாமி சந்தோஷமாகத் தீர்ப்புச் சொல்ல எழுந்தாள்.

"தலைவர் சொன்னதுதான் சரி. அதனாலேயே அவர் நம்ம புஸ்தகத்தைத் தொட்டதில்லைன்னு தெரியறது," என்று பைண்டர் கதையைச் சபையில் போட்டு உடைத்தாள். சுந்தரேசன் சோடா கேட்டார்.

"அப்போ மெஸ்காரியை எழுதினது யார் மாமி?" என்றான் தியாகு.

"தெரியாதுடா. வேதமூர்த்தி இல்லை. பீரோவைக் காலி பண்ணிக்கோங்கோ. அந்த பைண்டை மட்டும் நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

தியாகு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "தரமாட்டேன். நான் இன்னொரு தரம் படிக்கணும்."