மேனிஃபோல்டில் விழுந்த தீர்த்தம்

1

இந்தக் கதை என் கௌரவத்தைக் காப்பாற்றப் பிறந்தது. முத்துக்குளித்துறைச் சிறப்பு மலர் ஒன்றுக்குக் கதை கேட்டார்கள். "கடலின் ஆழ்மனம் மாதிரி ஏதாவது" என்றார் மலரின் ஆசிரியர். கடலுக்கு ஆழம் உண்டு; மனம் இருப்பதாக எங்கள் திரேஸ்புரத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. இருந்தும் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மூழ்குபவனின் மூச்சில் யுகங்கள்…"

பக்கத்து வீட்டில் யாரோ இரும்பைச் சுரண்டினார்கள். பல் கூசியது. யுகங்கள் ஓடிவிட்டன. எட்டிப் பார்த்தேன்.

2

சுரண்டியவன் ரோச். உப்பு லோடு அடிக்கிறவன். மூக்கு நீண்ட பழைய லாரி. முதலாளியும் டிரைவரும் அவனே. பானெட்டைத் திறந்துவைத்து மேனிஃபோல்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். (இன்ஜினிலிருந்து புகையை வெளியே தள்ளும் குழாய்க்கொத்து. விமர்சகர்கள் குறியீடு என்று கிளம்ப வேண்டாம். குழாய்.)

உப்புக்காற்றில் துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உப்பு பேக்கிங் கம்பெனி ஒன்றின் கேட்டில் அதைத் தொட்டுப் பார்த்த அதிகாரி, தன் விரலையும் இவன் முகத்தையும் பார்த்துவிட்டு துரு உதிரும் வண்டி உப்புப் பக்கம் வரக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க லோடு.

தேறாவிட்டால் அவன் மனைவி ஜாஸ்லின் குவைத்துக்குப் போவாள். ஒரு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விசா வந்துவிட்டது. லோடு கிடைத்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"கழத்திப் போட்டு அடிக்கலாம்லா?" என்றேன், விஷயம் தெரிந்தவன் போல.

"கழத்துனா போல்ட்டு முறிஞ்சிரும் அண்ணாச்சி. அது அங்கன இருக்குன்னு நம்பித்தான் வண்டியே ஓடுது."

3

இரண்டாம் தொடக்கம்: "துரு என்பது காலத்தின் கையெழுத்து." இதை ரோச்சிடம் வாசித்தும் காட்டினேன்.

"நல்லாருக்கு. அந்த உப்புத்தாள எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். என் எழுத்து வாழ்க்கையில் அன்று ஒரு உருப்படியான காரியம் நடந்தது.

துருவைத் தேய்த்தெடுக்கக் கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு தின்னர் நனைத்த துணி. துடைத்தபின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. பிறகு சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட், மெலிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று. அதோடு முடியவில்லை. இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஆறியபின் இன்னும் கொஞ்சம். சூட்டில்தான் பெயிண்ட் இறுகும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது.

"ஏளா, இங்கன தண்ணி கிண்ணி தெளிச்சிராத" என்றான், வாசலுக்கு வந்த ஜாஸ்லினிடம்.

"ஆமா, ஒங்க லாரிக்கு வாசல் தெளிச்சுக் கோலம் போடப் போறேன்."

ஆக, அவளுக்குத் தெரியும். நினைவில் வையுங்கள், நானும் மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

4

ஜாஸ்லினை முதலில் கண்ணீரில் எழுதினேன். "விசாத் தாளை மார்போடு அணைத்து விம்மிய…" அடித்துவிட்டேன். அவள் விம்முகிற ஆள் இல்லை. ஒரே அறையில் புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவளுக்கு விம்ம இடமும் இல்லை.

குவைத்தில் தனி அறை என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். "கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்காம் அண்ணாச்சி" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில்

(இதை முடிக்கத் தெரியவில்லை. சந்தோஷம் என்று எழுதினால் ரோச்சுக்குத் துரோகம். துக்கம் என்று எழுதினால் பொய்.)

5

சனிக்கிழமை சாயங்காலம். கடைசிப் பூச்சும் காய்ந்து, இன்ஜின் இரண்டாம் முறை ஓடி நின்றிருந்தது. திறந்த பானெட்டுக்குள் குழாய் கொதித்தது; பெயிண்ட் இன்னும் இறுகவில்லை. அப்போது ஜாஸ்லின் பங்குச் சாமியாரோடு வந்தாள்.

புது லோடுக்கு முன் வண்டியை மந்திரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிறு பூசைக்குப் பிறகு என்றுதான் ஏற்பாடு.

"நாளைக்கு சாமிக்குச் சோலி இருக்காம்" என்றாள்.

ரோச் வாயைத் திறந்தான். சாமியாரிடம் 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. திறந்த வாயை மூடி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். ஊரைத் திருத்தவே எழுதுகிற நானும் கைகட்டி நின்றேன்.

தீர்த்தம் விழுந்தது. சுர்ரென்றது. பிசாசு ஓடுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, சாமி தாராளமாக இன்னொரு கை தெளித்தார்.*

அவர் போனபின் பார்த்தோம். அம்மை போட்ட மாதிரிக் கொப்புளங்கள். ரோச் துணியால் தொட்டான். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னம்லா ஏளா?"

"சாமி தெளிக்கும்போது நீங்க சொல்லிருக்கணும்."

உள்ளே போய்விட்டாள். ரோச் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, நீங்க மனுசங்களப் பத்தி எழுதுற ஆளு. சொல்லுங்க. தெரிஞ்சேதான் கூட்டியாந்தாளா?"

* தீர்த்தத்தில் மந்திரித்த உப்பும் சேர்ப்பதுண்டு. உப்பால் கெட்ட குழாய்க்கு உப்பாலேயே ஆசீர்வாதம்.

6

முடிவு அ: பக்தியில் மறந்துவிட்டாள். அதிகாரி மனமிரங்குவார். மலருக்குப் பொருத்தம்.

முடிவு ஆ: தெரிந்தே செய்தாள். ஏதாவது விருது கிடைக்கும். ரோச்சின் முகத்தில் முழிக்க முடியாது.

முடிவு இ: மறந்துதான் கிளம்பினாள். சாமியாரோடு பாதி வழி வரும்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் நடையை நிறுத்தவில்லை.

மூன்றாவதை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். கையில் சுட்டது.

7

ஞாயிறு, பூசை முடிந்த நேரம். மறுபடி சுரண்டல் சத்தம். போனேன்.

பம்பர்மேல் ஏறி நின்று உப்புத்தாளால் கொப்புளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஜாஸ்லின். தேய்த்த இடத்தை ரோச் தின்னர் துணியால் துடைத்தான். வாசற்படிக்கு உள்ளே அவளுடைய பெட்டி, பாதி அடுக்கியபடி.

மறுபடி பூசி, காயவிட்டு, ஓடவிட்டு, ஆறவிட்டு… திங்கள் காலைக்குள் முடியலாம். முடியாமலும் போகலாம்.

"கதைய முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"அதுல நான் போறனா, இருக்கனா?"

ரோச்சின் கை நின்றது. நான் பானெட்டுக்குள் கையை ஊன்றப் போனேன்.

"தொடாதீங்க" என்றாள். "தொடச்சாச்சு."

கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 'தெரிஞ்சேதானா' என்று ரோச் கேட்டது இன்னும் அங்கேயே நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். லாரி வாசலில்தான் நிற்கும். ஒன்று மட்டும்: நீங்கள் சொல்லும்போது அவளும் பக்கத்தில் இருப்பாள், கையில் உப்புத்தாளோடு.