இருநூற்றுப் பத்து லேபிள்கள்

காலை ஒன்பதரை மணிக்கு, கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அழகுமீனாவின் மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தது. தூக்கி வந்தவர் லேபிள் ஒட்டும் பிரிவின் சொர்ணலட்சுமி. அதன் லேபிளில் 'பூச்சட்டி, பெரியது' என்று பட்டாசின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'முனியராஜ், என்னைக் கட்டிக்கிறீகளா? இப்படிக்கு அழகுமீனா' என்று அச்சாகியிருந்தது.

முனியராஜ் லோடு அனுப்பும் பிரிவுக்காரன். சொர்ணலட்சுமியின் மகன்.

"இருநூத்திப் பத்துப் பெட்டியிலயும் இதான் இருக்கு. ஒரு பெட்டியில கேட்டாப் பத்தாதாத்தா?"

அழகுமீனாவுக்குக் காதுமடல் சுட்டது. வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலில் வைத்து முனியராஜுக்குச் சாத்தூர்ப் பெண் ஒன்றைப் பார்ப்பதாக இருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தியும் நிலையில் இல்லை.

கம்பெனியின் ஆபீஸ், குடோன், சாத்தூர் கிளை எல்லாவற்றுக்கும் ஒரே மிட்ரேஞ்ச் கம்ப்யூட்டர்தான். யாராவது லேபிள் புரோகிராமைக் கூப்பிட்டால், கம்ப்யூட்டர் அதைப் புரோகிராம்கள் அடுக்கிய லைப்ரரிகளில் பட்டியலின் வரிசைப்படி தேடும். முதலில் கிடைத்ததையே ஓட்டும். அடுத்ததை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஒரே பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எல்லாத் திரைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

நேற்று, தமிழ் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க, அவள் தன் சொந்த லைப்ரரியில் அதே பெயரில் ஒரு சோதனை லேபிள் புரோகிராம் செய்தாள். சோதனைக்கு ஏதாவது ஒரு வரி வேண்டுமே. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற வரியைப் போட்டாள். பிறகு தன் பட்டியலில் மட்டும் மேலே ஏற்ற வேண்டிய லைப்ரரியை எல்லாருக்குமான பொதுப் பட்டியலின் உச்சியில் ஏற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

போன் அடித்தது. சாத்தூர் கிளை. "இங்கனயும் நாப்பது பெட்டியில இதான் அச்சாகியிருக்கு மேடம். முனியராஜ் என்ன பதில் சொன்னாக?"

போனை வைத்தாள். பொதுப் பட்டியலைச் சரிசெய்தாள்.

"பெரியம்மா, நான் வேணும்னு செய்யல."

"அப்ப வேண்டாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முனியராஜ் உள்ளே வந்தான். கழுத்தில் லேபிள் சுருள் மாலையாகத் தொங்கியது. சிரிப்பை அடக்கத் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யம்மா, முதல்ல கிடைச்சதோட இந்த மிஷின் நின்னுருமாம். மேல தேடாதாம். இவுகதான் ஒரு நாள் சொன்னாக."

"அதுக்கு?"

"சாத்தூர்ப் பொண்ணு வீட்டுக்கு நாம வரலைன்னு சொல்லிரு."

"இருக்கன்குடிக்குப் போறது போறதுதாம்லே," என்றார் சொர்ணலட்சுமி.

அழகுமீனா பெட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"உங்க அப்பா அம்மாவ வெள்ளிக்கிழமை அங்கன வரச் சொல்லுத்தா." பெட்டியை மறுபடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இது லோடுல ஏறாது. எங்க வீட்டுக்கு. இன்னொண்ணு, இனிமே என்னயப் பெரியம்மான்னு கூப்பிடாத. அப்படிக் கூப்பிட்டா இவன் உனக்கு அண்ணன்லா ஆகுறான்."

"சரிங்க அத்தை," என்றாள் அழகுமீனா, மூச்சுவிடாமல்.